ராஜாவுக்கு உண்டு, தாத்தாவுக்கு இல்லை: நாகர்கோவில் பக்கத்து நாடக மேக்கப் வாடகை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாடகம் போடுகிற எந்தக் குழுவும் ஒரு கட்டத்தில் போய் நிற்கிற இடம் மேக்கப் வாடகைக் கடை. கோயில் கொடை, கடற்கரை ஊர்களின் பங்குத் திருவிழா, கிறிஸ்துமஸ், பள்ளி ஆண்டுவிழா, ஓணம், பொங்கல் என்று மாதத்துக்கு ஒரு மேடையாவது எங்கேயாவது போட்டுக்கொண்டே இருக்கிற ஊர் இது. வாடகை என்றால் மூன்று சமாசாரம்: உடைப்பெட்டி, முகப்பெட்டி, கூட வருகிற மேக்கப்மேன். மூன்றையும் சேர்த்து ஒரு ராத்திரிக்குப் பேசி முடிப்பார்கள். இங்கே எழுதுவது எந்த ஒரு கடையையும் குறிவைத்து அல்ல. திறந்து பார்த்தால் பெட்டிகள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன, குறையும் ஒரே குறைதான். அந்தக் குறை முழுக்க குணச்சித்திர வேடக்காரரின் தலையில்தான் விடிகிறது.

ராஜா, மந்திரி, முருகன், ஏரோது, தேவதூதர், சிப்பாய் என்று கேளுங்கள். கிரீடம், மார்புக் கவசம், வாள், வேல், இறகு வைத்த தொப்பி எல்லாம் அளவுக்கு அளவு வந்து இறங்கும். அதே கடையில் "எழுபது வயசு வாத்தியார், ரிட்டயர்டு" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் இருக்குண்ணே, வாங்க, பாத்துக்கிடலாம்" என்பார்கள். வந்து பார்த்தால் ஒரு நரைத்த டோப்பா, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு கம்பு. தாத்தா, பாட்டி, தபால்காரர், கோயில்குட்டி (சர்ச் உதவியாள்), பனையேறி, கடன்காரர் எல்லாருக்கும் இந்த மூன்றுதான்.

இது வெறும் சாமான் பற்றாக்குறை என்று விட்டுவிட முடியவில்லை. ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணனின் மாவட்டம் இது. திருவனந்தபுரத்தில் 1925-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தொடங்கிய மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவில் வளர்ந்து, 1935-இல் வந்த மேனகா படத்தில் அதே சகோதரர்களோடு திரைக்குப் போனவர் அவர். அந்தச் சகோதரர்களில் டி.கே.பகவதி மேடையில் ராஜராஜ சோழன், 1958-இல் வந்த சம்பூர்ண ராமாயணம் படத்தில் இராவணன். ராஜபார்ட்டுக்கு அளந்து செய்த உடம்பும் குரலும். ஆனால் ஊர் வேடத்தின் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டது அண்ணன் சண்முகத்தைத்தான். அவர் கிரீடம் வைத்தவர் என்பதால் அல்ல. முப்பதுகளில் இருந்த ஓர் ஆண் அவ்வை மூதாட்டியாக மேடையேறி, அதுவே ஆயுளுக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது என்பதால். சென்னையில் ஒரு சாலைக்கே அவ்வை சண்முகம் என்று பெயர். 1961-இல் வந்த கப்பலோட்டிய தமிழன் படத்தில் சுப்பிரமணிய சிவாவாக, பிற்பகுதியில் தொழுநோய் தின்ற உடம்போடு வந்து நிற்பதும் அவர்தான். மேடையில் கிழவி, திரையில் நோயாளி. இரண்டுக்கும் முகத்தில் கை வைத்தவர்கள் அந்தந்த இடத்துக்குத் தக்க வேலை செய்திருக்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் அன்றைக்கு இருந்தார்கள் என்றால் இன்றைக்கும் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் அர்த்தம்.

இனி பெட்டிக்குள் போவோம். முதலில் தாடி. புகாரில் பாதி இங்கேதான்.

வாடகைப் பெட்டியில் வருகிற தாடி இரண்டு வகை. துணிப்பட்டையில் தைத்து, காதில் மாட்டுகிற தாடி ஒன்று. முனிவருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கும் போதும். மற்றது வலைத்தாடி, மெல்லிய வலையில் முடியை ஒவ்வொன்றாக முடிச்சிட்டது. வலைத்தாடி நல்ல சாமான். ஆனால் வாடகைக்குப் போய்ப் போய் வந்த வலையின் ஓரம் பழைய பசையேறி அட்டை மாதிரி விறைத்துப்போயிருக்கும். விறைத்த ஓரம் கன்னத்தில் படியாது, முன்வரிசைக்கே ஒரு கோடு தெரியும். எடுக்கும்போதே ஓரத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். மடங்கினால் எடுக்கலாம். மொடமொடவென்று நின்றால் அதே கடையில் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் பின்பக்கமாகத் தட்டிச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். செய்து தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

ஒட்டுகிற பசைக்குப் பெயர் ஸ்பிரிட் கம். குங்கிலியம் மாதிரி ஒரு மரப்பிசினை ஸ்பிரிட்டில் கரைத்தது. சாராயம் பறந்த பிறகு பிசின் மட்டும் தோலில் நின்று பிடிக்கிறது. பசை ஈரமாக இருக்கும்போதே தாடியை வைத்து அமுக்கினால் பிடிக்காது, வழுக்கும். இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. சரியான வரிசை இது. சவரம் மேடையேறுவதற்கு நாலு மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். இப்போதுதான் சவரம் செய்த தோலில் ஸ்பிரிட் பட்டால் தீயாய் எரியும். ஒட்டுகிற இடத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுக்கணும். அந்த இடத்தில் பேன்கேக்கோ (கட்டியாக வரும் முகப்பூச்சு) பவுடரோ ஒரு துளியும் இருக்கக் கூடாது. பசையை மெல்லிசாக ஒரு கோட் பூசி, விரல் நுனியால் தட்டிக்கொண்டே இருந்தால், அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் விரலோடு நூல் நூலாக எழும்பும். அந்த நேரம்தான் நேரம். தாடியை வைத்து, நனைத்துப் பிழிந்த துணியால் பத்து எண்ணும்வரை அமுக்கணும். விரலால் அமுக்கினால் விரலோடு வந்துவிடும்.

மேக்கப்மேன்கள் செய்கிற பெரிய தவறு, முகம் முழுக்க பேஸ், அதாவது அடிநிறம், அடித்துவிட்டு அதற்குமேல் தாடி ஒட்டுவது. பார்க்க வேலை சுளுவாகத் தெரியும். முதல் காட்சி முடிவதற்குள் பேஸோடு சேர்ந்து தாடி நழுவும். முதலில் தாடி, பிறகு தாடியின் ஓரம்வரை பேஸ். மாற்றிச் செய்பவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நல்ல மேக்கப்மேன் கோபப்பட மாட்டார்.

நம்மூர்க் காற்றில் இன்னொரு சிக்கல். முட்டம், குளச்சல், இராஜாக்கமங்கலம் பக்கம் கடலோர மேடை என்றால் காற்றில் ஈரமும் உப்பும். பசை சீக்கிரம் காயாது, முகம் வேர்த்துக்கொண்டே இருக்கும். அதற்கு வழி பசையை அதிகம் பூசுவது அல்ல. தடித்த கோட் மேலே காய்ந்து அடியில் கொழகொழவென்று கிடக்கும், அதுதான் சீக்கிரம் பிரியும். மெல்லிய கோட் ஒன்று பூசி முழுக்கக் காயவிட்டு, அதன்மேல் இன்னொரு மெல்லிய கோட். ஒட்டுவதற்கு முன் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஐந்து நிமிடம் முகத்தில் ஒற்றி எடுத்தால் வேர்வை கொஞ்ச நேரம் அடங்கும். முகம் நன்றாக உலர்ந்த பிறகே பசை.

ஒட்டும்போது நடிகர் வாயை மூடிக்கொண்டு சிலை மாதிரி இருப்பார். அதுவும் தப்பு. தாடை மூடிய நிலையில் ஒட்டிய தாடி, வசனம் பேச வாயைத் திறந்ததும் கன்னத்தில் இழுத்துப் பிரியும். நாடிக்கு அடியில் அமுக்கும்போது வாயை அகலத் திறந்து வைக்கச் சொல்லணும். முடிந்ததும் "அம்மா, அப்பா, பம்பரம்" என்று பத்துத் தடவை சொல்லவிட்டு, பிறகு வாய்விட்டுச் சிரிக்கவிட்டுப் பார்க்கணும். எங்கே தூக்குகிறதோ அங்கே மட்டும் மறுபடி ஒரு சொட்டு. மீசையை ஒரே துண்டாக ஒட்டாதீர்கள். மூக்குக்குக் கீழே உள்ள குழியில் இரண்டாக வெட்டி, இடது வலது தனித்தனியாக ஒட்டினால் உதடு அசையும்போது நடுவில் தூக்காது. உதட்டு ஓரத்தைத் தாண்டி மீசையில் பசை போகவே கூடாது. மேடையில் தொங்குகிற மீசைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு காரணத்தால்தான் தொங்குகின்றன.

வலைத்தாடி கிடைக்காவிட்டால் கிரேப் முடி. கயிற்றில் பின்னி, சுருண்ட நிலையில் விற்பது. தாத்தா வேடத்துக்கு இதுதான் உண்மையில் சிறந்தது. நடிகரின் முகத்துக்குத் தக்கபடி அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு முழுத் தாடி மீசைக்குப் பின்னல் நிலையில் ஒரு சாண் போதும். கயிற்றைப் பிரித்து, நனைத்து, இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்கக் காயவிட்டால் சுருள் நேராகும். இந்த வேலை முந்தின நாளே நடக்கணும். மாலையில் வந்து பெட்டியைத் திறந்துவிட்டு, ஈரமுடியை ஃபேனில் காட்டுகிற கதை வேண்டாம். ஒட்டுகிற வரிசை கீழிருந்து மேலே: முதலில் நாடிக்கு அடியில் முன்னோக்கி ஒரு வரிசை, பிறகு நாடியின் முன்பக்கம், பிறகு கன்னம், கடைசியில் காதோரக் கிருதா. ஓடு வேய்கிற மாதிரி மேல்வரிசை கீழ்வரிசையை மூடணும். ஒரே நிறத்தில் ஒட்டினால் பொம்மைத் தாடி. வெள்ளையோடு சாம்பலும், நாடிக்கு அடியில் கொஞ்சம் கறுப்பும் கலந்தால்தான் மனிதத் தாடி. வாயோரம் வெள்ளை தூக்கலாக இருக்கட்டும். பல பேருக்கு நரை தாடையிலும் வாயோரத்திலும்தான் முதலில் இறங்கும்.

தலைக்கு டோப்பா. கடையில் ஒரே அளவுதான் வைத்திருப்பார்கள், பின்னால் இலாஸ்டிக் இழுத்துச் சரிசெய்வது. நெற்றியிலிருந்து காதுக்கு மேலாகப் பின்னந்தலையைச் சுற்றி டேப்பால் அளந்து, அந்த அளவை முன்கூட்டியே சொல்லுங்கள். டோப்பாவுக்கு அடியில் சொந்த முடியை அமுக்க பழைய நைலான் காலுறையைத் தொப்பி மாதிரி மாட்டினால் மேலே மேடுதட்டாது. நரை டோப்பா என்று தருவது பெரும்பாலும் பஞ்சு வெள்ளை. அதைவிட சொந்த முடியில் நரை ஏற்றுவதே நன்றாக இருக்கிறது என்பது எங்கள் கட்சி. அதற்குப் பவுடரைக் கொட்டுவதுதான் வழக்கம். அடுத்த காட்சியில் மகன் வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்ததும் தலையிலிருந்து புகை கிளம்பும். அழுகிற காட்சியில் சனங்கள் சிரித்துவிடும். துத்தநாக வெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, பல்துலக்கும் பிரஷால் முடியின் போக்கிலேயே இழுங்கள். கூத்துக்காரர்கள் முத்துவெள்ளை என்று சொல்வது இதையேதான். கறுப்பு முடியில் சுத்த வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும் என்பதால், ஒரு சிட்டிகை மஞ்சள் நிறம் கலந்துகொள்ளணும். காதுக்கு மேலேயும் நெற்றி ஓரத்திலும் கூடுதல், உச்சியில் குறைவு. புருவத்தை மறந்தால் எல்லாம் வீண். கறுகறு புருவத்தோடு நரைத்த தலை இருந்தால் அது வேடம் என்று குழந்தைக்கே தெரியும்.

சுருக்கம் போடுவதில் வாடகை மேக்கப்மேன்களின் கை பெரும்பாலும் கறுப்புப் பென்சிலுக்குத்தான் போகிறது. நெற்றியில் மூன்று கோடு, கன்னத்தில் இரண்டு. பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் முகத்தில் கம்பி வேலி. சுருக்கம் என்பது கோடு இல்லை, பள்ளமும் மேடும். பள்ளத்துக்குச் செம்பழுப்பு, அதை ஒட்டியே மேட்டுக்கு வெளிர் நிறம். பள்ளத்தின் ஒரு விளிம்பு கூர்மையாக நிற்கட்டும், மறு விளிம்பை விரலால் தேய்த்துக் கரைத்துவிடணும். எங்கே போடுவது என்பதை நடிகரின் முகமே சொல்லும். புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள், கண்ணைச் சுருக்கச் சொல்லுங்கள், வாயைக் கோணச் சொல்லுங்கள். மடிகிற இடத்தில் மட்டும் வரையுங்கள். கன்னக் குழி, கண்ணுக்குக் கீழ்ப் பை, நெற்றிப்பொட்டின் பள்ளம் இந்த மூன்றையும் நிழல் கொடுத்துக் குழியாக்கினாலே பதினைந்து வயது ஏறிவிடும், கோடு ஒன்றுகூட வேண்டாம். கழுத்தில் இரண்டு நரம்பு, புறங்கையில் எலும்புக்கு நடுவே நிழல். கையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வாத்தியார் பிரம்பைத் தூக்கும்போது கூட்டம் பார்ப்பது கையைத்தான்.

ரப்பர்பால் வைத்துச் சுருக்கம் எடுப்பதையும் சில கடைகள் இப்போது கூடுதல் சேவையாகச் சொல்கின்றன. தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, பஞ்சால் மெல்லிசாகத் தட்டிப் பூசி, இழுத்த நிலையிலேயே ஹேர் டிரையரின் குளிர்காற்றில் காயவைத்து, பவுடர் போட்டு, பிறகு தோலை விடுவது. விட்டதும் நிஜமான சுருக்கம் விழும். இரண்டு மூன்று கோட் வேண்டும். செய்யத் தெரிந்தவர் செய்தால் கேமரா கிட்டே வந்தாலும் தாங்குகிற வேலை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் பக்கத்திலேயே இருப்பதால், தோட்டத்துப் பாலையே பாட்டிலில் பிடித்து வந்து பூசலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். தோட்டத்துப் பால் கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். கண்ணோரத்தில் பூசினால் கண் எரிந்து நீர் கொட்டும், தோல் வெந்துபோகும். முகத்துக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். அதிலும் ரப்பர் ஒவ்வாதவர்கள் உண்டு. முழங்கையின் உள்பக்கம் ஒரு காசளவு பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போகணும். புருவம், மீசை, கிருதா மேல் ரப்பர்பால் பட்டால் கழற்றும்போது முடியோடு வரும். அங்கே முதலில் வாசலின் தடவி மூடுங்கள். திறந்தவெளி மேடை, ஆயிரம் பேர் கூட்டம் என்றால் இதற்குக் காசு கொடுப்பது வீண். மூன்றாவது வரிசைக்கு அப்பால் நிழலும் வெளிச்சமும் போட்ட முகமும் இதுவும் ஒன்றாகத்தான் தெரியும்.

பேஸ் நிறம். இதில் எங்களுக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. பெட்டியில் இருக்கிற ஸ்டிக்கும் பேன்கேக்கும் பெரும்பாலும் வெளிர் ரோஜா நிறம், இல்லாவிட்டால் மஞ்சள் வெளிர். வருகிற நடிகர்களோ வெயிலில் வேலை செய்கிற கறுத்த மனிதர்கள். எல்லாரையும் வெளுக்க வைத்தே பழகிவிட்ட கை, மீனவர் வேடத்தையும் வெளுக்க வைக்கிறது. கடலுக்குப் போகிற கிழவர் வேடத்துக்கு நடிகரின் நிறத்தைவிட ஒரு படி கறுத்த செம்பழுப்புதான் பேஸ். கன்ன மேட்டிலும் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் இன்னும் கொஞ்சம் சிவப்பு. கண்ணோரச் சுருக்கத்தின் உள்ளே மட்டும் வெளிர்க் கோடு. வெயிலில் கண்ணைச் சுருக்கியே இருப்பவருக்கு மடிப்புக்குள் வெயில் படாமல் தோல் வெளுத்திருக்கும். குளச்சல் கடற்கரையில் காலை நேரம் போய் நின்று ஒரு முகத்தைப் பார்த்தால் போதும், இந்தக் கோடு தெரியும். இந்த ஒரு கோட்டைப் போடத் தெரிந்த மேக்கப்மேன் கிடைத்தால் கேட்ட கூலியைக் கொடுக்கலாம்.

விளக்கும் இதோடு சேர்ந்ததே. பழைய ஹாலஜன் விளக்கின் மஞ்சளில் ரோஜா பேஸ் ஒருவிதமாக ஒத்துப்போகும். இப்போது எல்லா மேடையிலும் எல்.இ.டி. பார் விளக்கு. அதன் நீலம் கலந்த வெள்ளையில் அதே ரோஜா பேஸ் சாம்பல் பூத்து, செத்த முகம் மாதிரி காட்டும். பேஸில் கொஞ்சம் மஞ்சளும் ஆரஞ்சும் கூட்டணும். சிவப்பு விளக்கு அடித்தால் உதட்டுச் சிவப்பும் கன்னச் சிவப்பும் காணாமல் போகும். பச்சை விளக்கில் அதே சிவப்பு கறுப்பாகும். பேய்க் காட்சி உள்ள நாடகம் என்றால் பாட்டியின் செம்பழுப்புச் சுருக்கங்கள் அந்தக் காட்சியில் திடீரென்று பயங்கரமாகும். அது வேண்டுமா வேண்டாமா என்று லைட்காரரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மேக்கப் அறையின் டியூப் லைட்டில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. ஒருவரையாவது மேடையில் நிற்க வைத்து, நிகழ்ச்சி விளக்கைப் போட்டு, கடைசி வரிசையிலிருந்து பார்த்துவிட்டு மற்றவர்களுக்குத் தொடங்கணும்.

உடை பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண மனிதருக்கு வாடகை உடை எடுக்காதீர்கள். கடையில் இருக்கிற வேட்டி கூட சரிகை போட்டுப் பளபளக்கும். வீட்டிலிருந்தே பழைய வேட்டி, சாரம் (லுங்கி), துவர்த்து (துண்டு) கொண்டுவாருங்கள். புதிய துணியைப் பழையதாக்க, இரண்டு லிட்டர் தண்ணீரில் ஐந்து கரண்டி தேயிலைத் தூள் கொதிக்கவிட்டு வடிகட்டி, துணியை இருபது நிமிடம் ஊறவைத்துக் கசக்காமல் பிழிந்து காயப்போடுங்கள். சட்டைக் காலர், முழங்கை, பாக்கெட் ஓரம் இந்த இடங்களில் மட்டும் உப்புத்தாள் தேய்த்தால் உழைத்துத் தேய்ந்த சட்டையாகும். பனையேறி வேடத்துக்குக் கடையில் தருகிற பிளாஸ்டிக் அரிவாளை வாங்கவே வேண்டாம். பாளை அரிவாள் வைக்கிற அரிவாள்பெட்டி, மரமேறக் காலில் மாட்டுகிற தளைநார் எல்லாம் ஊரில் கேட்டால் இன்னும் கிடைக்கும். இடுப்பில் நிஜப் பெட்டியைக் கட்டியதும் நடிகரின் நடையே மாறும். அரிவாளை மட்டும் முனை மழுக்கிக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடியில் லென்ஸைக் கழற்றிவிடணும். கழற்ற முடியாவிட்டால் காம்புகளைக் காதுக்குச் சற்று மேலே தூக்கி மாட்டினால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து விளக்கின் பளபளப்பு போய்விடும்.

மேக்கப்மேனின் நேரக் கணக்கு பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் தாத்தா வேடம் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். ஒரு சிப்பாய்க்குப் பத்து நிமிடம். ராஜாவுக்கு இருபது. கிரேப் தாடியும் சுருக்கமும் உள்ள கிழவருக்கு நாற்பத்தைந்து நிமிடம் குறையாது. பன்னிரண்டு நடிகர், ஒரு மேக்கப்மேன், ஒன்பது மணிக்கு நாடகம் என்றால் ஐந்து மணிக்கே உட்கார வேண்டும். கடைக்காரர் ஏழு மணிக்கு வருகிறேன் என்பார். வந்ததும் ராஜாவை முதலில் உட்கார வைப்பார். கூட்டம் ராஜாவைத்தானே பார்க்கும் என்பது அவர் நினைப்பு. கிழவருக்கு மிஞ்சுவது கடைசி எட்டு நிமிடமும் பென்சிலும். இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசுங்கள்: குணச்சித்திர வேடம் முதலில், சிப்பாய்கள் கடைசியில். சிப்பாய்க்கு நம் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் பேஸ் அடித்துக்கொள்ளலாம். முதல் காட்சியில் கிழவர் வரவில்லை என்றாலும் வரிசையை மாற்ற விடாதீர்கள்.

குறும்படத்துக்கும் இப்போது இதே பெட்டிகளை எடுக்கிறார்கள். நாடகத்தைப் போனில் எடுத்து ஏற்றுகிறவர்களும் உண்டு. இங்கே சேவை சுத்தமாகத் தோற்கிறது. மேடைக்குப் போடுகிற நிழலைப் பாதியாக்கினாலும் கேமராவுக்கு அது அதிகம். கன்னக்குழி அழுக்கு மாதிரி தெரியும், தாடியின் வலை ஓரம் கண்ணில் குத்தும். கமல்ஹாசன் 1996-இல் இந்தியன் தாத்தாவாகவும் அவ்வை சண்முகியாகவும் வந்தபோது இரண்டு முகத்துக்கும் ஹாலிவுட்டிலிருந்து மைக்கேல் வெஸ்ட்மோரை அழைத்து வந்தார்கள். முகத்தில் தனியாக வார்த்த துண்டுகளை ஒட்டுகிற வேலை அது. வாடகைப் பெட்டியிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. நாம் கேட்கக்கூடியது எளிய வழி: கேமராவுக்கு முடிந்தவரை வயதான நடிகரையே தேடுங்கள், தாடியை இருபது நாள் நிஜமாக வளர்க்கச் சொல்லுங்கள், நரை மட்டும் ஏற்றுங்கள். என்.எஸ்.கே. படங்களைப் பார்த்தால், முகத்தில் பெரிதாக ஒன்றும் மாற்றாமல் பேச்சையும் தோரணையையும் வைத்தே ஆளை மாற்றிவிடுவார். மணிமேடைச் சந்திப்பில் அவர் சிலையைக் கடந்து போகிற நம் நடிகர்கள் பசைக்குப் போவதற்கு முன் அந்த வழியில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று ஒத்திகையிலேயே பார்த்துக்கொள்ளலாம். காலர் மைக் மாட்டுகிறவருக்குத் தொங்கு தாடி வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தாடி உரசுகிற கரகர சத்தம் ஒலிப்பதிவு முழுக்க வரும்.

சுத்தம். இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. ஒரே பஞ்சு, ஒரே கண் பென்சில், ஒரே உதட்டுச் சாயம் பத்து முகத்துக்குப் போகிறது. கண் நோய் பரவ இது ஒன்று போதும். பஞ்சையும் கண் பென்சிலையும் ஒவ்வொரு நடிகரும் சொந்தமாக வைத்துக்கொள்ளணும். டோப்பாவை எடுக்கும்போது உள்பக்கம் முகர்ந்து பாருங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு மூட்டை கட்டியது பூஞ்சை நாறும். அதைத் திருப்பிக் கொடுங்கள். பழைய சாயங்களில் அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த மஞ்சள் கல், சாதிலிங்கம் பாதரசம் கலந்த சிவப்பு. இரண்டும் முகத்துக்கு ஆகாது. பெயர் எழுதாத டப்பாவில் மஞ்சளோ சிவப்போ பொடியாக இருந்தால் கேட்காமல் தொட விடாதீர்கள். ஸ்பிரிட் கம்மும் ஸ்பிரிட்டும் சட்டெனத் தீப்பிடிக்கும். மேக்கப் அறையில் பூஜைக்கு விளக்கேற்றுவது நம் வழக்கம். விளக்கு ஒரு மூலையில், பசை இன்னொரு மூலையில், பீடி வெளியே.

கழற்றுவது பாதி ராத்திரியில் நடக்கிறது என்பதால் எல்லாரும் பிய்த்து எறிகிறார்கள். தோலும் உரிகிறது, வலையும் கிழிகிறது, கிழிந்த வலைக்கு முன்பணத்தில் பிடிக்கிறார்கள். ஸ்பிரிட் தொட்ட பிரஷை வலை ஓரத்துக்கு அடியில் விட்டு, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டே போனால் தாடி தானாகக் கையில் வரும். மீசை கழற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளணும். மிச்சப் பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்து, பிறகு சோப்பு. தண்ணீரை முதலில் ஊற்றினால் பிசின் வெள்ளையாகத் திரிந்து இன்னும் பிடித்துக்கொள்ளும்.

பேசி முடிக்கும்போது கடைக்காரருக்கு அனுப்ப வேண்டியவை: ஒவ்வொரு நடிகரின் பகல் வெளிச்சப் படம், தலைச் சுற்றளவு, வேடத்தின் வயது, தொழில், எந்தக் காட்சியில் வருகிறார், மேடை கடலோரமா, கடலைவிட்டு உள்ளேயா, விளக்கு என்ன. பெட்டியை வாங்கியதும் எல்லாவற்றையும் விரித்து ஒரு படம், திருப்பும்போது ஒரு படம். குழுவே சொந்தமாக வாங்கி வைக்க வேண்டியது அதிகமில்லை. ஒரு சின்ன பாட்டில் ஸ்பிரிட் கம், அதைக் கரைக்கிற திரவம், வெள்ளையிலும் சாம்பலிலும் கறுப்பிலும் கிரேப் முடி ஒவ்வொரு முழம், செம்பழுப்பும் கறும்பழுப்புமாக இரண்டு ஸ்டிக், ஒரு வெளிர் ஸ்டிக், நிறமில்லாத பவுடர், துத்தநாக வெள்ளை. ராஜாவுக்கு உரியதைக் கடையிலேயே எடுங்கள். அதில் நம்மூர்க் கடைகள் நம்பகமானவை, நேரத்துக்குத் தருவார்கள், அளவும் சரியாக இருக்கும். பசைப் பாட்டிலின் மூடியை உள்பக்கம் வாசலின் தொட்டு மூடி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு மூடி திறக்காது.